குறுக்கே நிற்கும் வெள்ளை மைவி

ஜூன் 3, செவ்வாய்

கல்லூரியில் கொடுத்த நாட்குறிப்பு ஐந்து மாதமாக வெறுமையாகக் கிடந்தது. இன்றிலிருந்து எழுதுகிறேன். காரணம், கட்சித் தலைமையகத்திலிருந்து வந்திருக்கும் கடிதம்.

எங்கள் உழைப்பாளர் முன்னணிக்கு இந்த முறை தேசியத் தலைவரை நாடு முழுவதும் உள்ள 412 கிளைத் தலைவர்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். இன்னொரு புதுமையும் உண்டு. தலைவர் பதவிக்கு யாரும் தனியாக நிற்க முடியாது. துணைத் தலைவர் வேட்பாளர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஜோடியாக மனுச் செய்ய வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. வேட்புமனு ஜூன் 29, தேர்தல் ஜூலை 13, இரண்டும் கோலாலம்பூரில்.

புள்ளியியல் கற்பிக்கும் ஒருத்தி நடப்பதைப் பக்கச்சார்பில்லாமல் குறித்து வைத்தால் பின்னால் யாருக்காவது பயன்படும். அதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

ஈப்போவில் தாமான் மெலூர் கிளைக்கு நான் தலைவர். நானாகத் தேடிப் போன பதவி அல்ல. மூன்று வருடங்களுக்கு முன், கடைவரிசையின் முதல் மாடியில் ஆண்டுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள். என் வெள்ளை மைவி கார் குறுக்கே நின்றிருந்தது. இடம் கிடைக்காவிட்டால் நிற்கிற கார்களுக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தி, கண்ணாடியில் கைபேசி எண்ணை வைத்துவிட்டுப் போவது இந்த ஊர் வழக்கம். இறங்கிப் போய் நகர்த்திவிட்டு மேலே வந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் இல்லாத நான்கு நிமிடத்தில் என்னைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

முன்மொழிந்தவர் கிளைத் துணைத் தலைவர் பரமசிவம் அண்ணன். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். "படிச்சவங்க ஒருத்தர் வேணும்லா, தங்கச்சி. கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார். கையெழுத்தோடு நிற்கவில்லை. சனிக்கிழமைதோறும் கிளை அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாதவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருகிறேன். இதுவரை நாற்பத்தொரு பேருக்குக் கிடைத்திருக்கிறது.

சலவை இயந்திரம் துணியைப் பிழியும்போது நடக்க ஆரம்பித்திருக்கிறது. இன்று அடுப்படிக் கதவுவரை வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றது.

ஜூன் 5, வியாழன்

போட்டியில் இருப்பவர்கள் இருவர். ஒருவர் இப்போதைய துணைத் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய பாலகுணன். எல்லாக் கிளைகளுக்கும் குடை அனுப்பியிருக்கிறார். அவர் முகம் குடையின் உட்புறத்தில் அச்சாகியிருக்கிறது. மழையில் விரித்துக்கொண்டு அண்ணாந்தால் டத்தோ மேலிருந்து சிரிக்கிறார்.

மற்றவர் கிள்ளானில் பல் மருத்துவராக இருக்கும் டாக்டர் சிவரஞ்சனி. பல்கலைக்கழக விடுதியில் இரண்டு வருடம் என் அறைத்தோழி. முப்பது வருடப் பழக்கம் என் மதிப்பீட்டை எந்த வகையிலும் பாதிக்காது.

காலையில் அவளே கூப்பிட்டாள். "தமா, பசியாறிட்டியா? துணைக்கு யாரப் போடலாம், நீயே சொல்லு."

ஜொகூர் மாநிலத் தலைவர் டத்தோ முனியாண்டியைச் சொன்னேன். அவர் கையில் எண்பது கிளைகள் இருக்கின்றன.

"நீ நிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கு அதில் எல்லாம் ஆர்வம் இல்லை, ரஞ்சி."

"தெரியும்லா. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டேன் என்பதை எதற்குச் சொல்ல வேண்டும்? கேட்காமலே இருந்திருக்கலாம். அல்லது சிரிக்காமல் கேட்டிருக்கலாம். இது ஒரு பொதுவான கருத்துதான்.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு தகவலுக்காகக் கட்சி விதிகளைப் புரட்டினேன். பதினான்காவது விதிப்படி, ஆவணமில்லாதவர்களுக்கான தேசியப் பிரிவு துணைத் தலைவரின் பொறுப்பில் வருகிறது. இருபது வருடமாக அந்தப் பதவியில் இருக்கும் பாலகுணன் அந்தப் பிரிவைக் கூட்டியதாக எந்தக் குறிப்பும் இல்லை.

எந்த மாநிலத்தில் எத்தனை பேர், எந்த அலுவலகத்தில் எவ்வளவு தாமதம், எங்கே எத்தனை தொண்டர்கள் வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது. யார் வந்தாலும் பயன்படும்.

என் கணவர் ஜெயசீலன் எட்டிப் பார்த்தார். "பரீட்சைத் தாள் திருத்தணும்னு சொன்னியே?"

எண்பத்து நான்கு தாள். நாளை.

ஜூன் 15, ஞாயிறு

ரஞ்சி எங்கள் கிளைக்கு வாக்குக் கேட்க வந்தாள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் இது வேறுவிதமாகப் பரவ வாய்ப்பிருக்கிறது.

எங்கள் கட்சியில் மாலைக்கு ஒரு முறை உண்டு. ஆளுயர ரோஜா மாலை தேசியத் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் மட்டுமே. மற்ற எல்லோருக்கும் செவ்வந்தி, அல்லது ஒரு பொன்னாடை. வேட்பாளர் என்பதால் ரஞ்சிக்கு ரோஜா போடலாம் என்று முடிவு செய்து, ருக்குமணி அக்கா பூக்கடையில் ஒரு மாலைக்குச் சொல்லியிருந்தோம். இரண்டு வந்தன. கல்யாண மாதம். அக்காவின் கை தானாகவே ஜோடியாகக் கட்டிவிட்டது. தொலைபேசியில் கேட்டதற்கு, "ரோஜா மாலைன்னா ரெண்டுதான்மா. ஒத்தை மாலைய வெச்சுக்கிட்டு யாரு என்னா செய்வா?" என்றார்.

திருப்பி அனுப்பச் சொன்னேன். பரமசிவம் அண்ணன், "வாடிப் போயிரும், பாவம்" என்றார். நான் ஒலிவாங்கியில் வரவேற்புரை வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து என் கழுத்தில் போட்டுவிட்டார். மாலை இரண்டு கிலோ இருக்கும். அதே நேரம் ரஞ்சிக்கு மற்றதைப் போட்டார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் படமெடுத்தார். கூட்டத்தில் யாரோ, "பொருத்தம் நல்லாருக்கு லா!" என்று கத்தினார்கள்.

சங்கடமாக இருந்தது. கூட்டம் முடியும்வரை கழற்ற முடியவில்லை, கொக்கி தலைமுடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஜூன் 16, திங்கள்

பத்திரிகையில் கால் பக்கத்துக்குப் படம். "டாக்டர் சிவரஞ்சனியுடன் ஜோடி மாலையில் யார் இந்தப் புள்ளியியல் புலி?" என்று தலைப்பு. அந்த அடைமொழியைத் தவிர்த்திருக்கலாம்.

ஆறு பிரதி வாங்கினேன். ஆவணப்படுத்துவதற்கு.

"ஆறுலயும் ஒரே படமா இருக்கு?" என்று ஜெயசீலன் கேட்டார்.

ஜூன் 18, புதன்

கிளைத் தலைவர்களின் வாட்சாப் குழுவில் என்னைப் பற்றி ஏழு செய்திகள். நான் ரஞ்சியின் ஒன்றுவிட்ட தங்கை. நான் முனைவர். நான் பினாங்குக்காரி. நான் ஏற்கெனவே சம்மதித்துவிட்டேன். நான் மறுத்துவிட்டு அழுதேன். இன்னும் இரண்டு. ஏழில் ஏழும் தவறு. திருத்தம் எழுத நினைத்தேன். பிறகு, வதந்தியைத் திருத்தினால் அது பெரிதாகும் என்று விட்டுவிட்டேன். எட்டாவது செய்தி வருகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்தேன்.

தாள்கள்: பன்னிரண்டு முடிந்தது.

ஜூன் 21, சனி

டத்தோ பாலகுணன் வீட்டுக்கே வந்தார், கையில் நான்கு டுரியான் பழத்தோடு.

"டீச்சரம்மா, மாலையெல்லாம் சாயங்காலம் வாடிரும். இத வாசம் பாருங்க, ஒரு வாரத்துக்கு நிக்கும்."

அது உண்மை. 

"நம்ம பக்கம் வந்துருங்க. மகளிர் பகுதிக்கு ஆலோசகர்னு போட்டுரலாம்."

"ஆலோசகர் என்ன செய்வார்?"

"ஆலோசனை சொல்வார்."

"யாரிடம்?"

"யாராச்சும் கேட்டா சொல்லலாம்."

எனக்கு எந்தப் பதவியும் தேவையில்லை என்று தெளிவாகச் சொன்னேன். டத்தோ சத்தமாகச் சிரித்தார். "இருபது வருசமா பாக்கறேன் டீச்சர். ஒண்ணும் வேணாங்கறவங்கதான் கடைசில பெரிசாக் கேப்பாங்க."

மனிதர்களைப் பற்றி இவ்வளவு மலிவான எண்ணம் வைத்திருப்பவர் தலைவராகக் கூடாது. டுரியானைப் பரமசிவம் அண்ணனுக்குக் கொடுத்தனுப்பினேன். ஒன்றைத் தவிர.

ஜூன் 24, செவ்வாய்

ரஞ்சி கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"முனியாண்டி சரின்னுட்டாரு தமா. ஆனா கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்கறாரு. பல்லப் புடுங்கணும்னு சொன்ன நோயாளி மாரி வாசலையே பாத்துட்டிருக்காரு. இவரு ஓடிட்டாருன்னா என் கதி? தமா, கடைசியா ஒரு தடவ கேக்கறேன், நீ..."

"இல்லை ரஞ்சி" என்றேன்.

"சரி சரி. நீ இப்படித்தான் சொல்லுவ."

அவள் கேள்வியை முடிக்கவில்லை. கேள்வி முழுதாகக் கேட்கப்படாதபோது வந்த பதிலைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று முதலாம் ஆண்டு மாணவர்களுக்கே சொல்லித்தருகிறேன். மருத்துவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை.

சலவை இயந்திரம் பழுதுபார்ப்பவர் வந்தார். "தரை சமமா இல்லக்கா. மெஷின் மேல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 26, வியாழன்

முனியாண்டியும் பாலகுணனும் ஒரே வாழையிலைக் கடையில் ஒரே மேசையில் சாப்பிட்டதாகக் குழுவில் படம் வந்திருக்கிறது. முனியாண்டி தாவிவிடும் வாய்ப்பு 0.4 என்று கணித்தேன். அப்படித் தாவினால் ரஞ்சி என்னை அழைக்கும் வாய்ப்பு 0.35. படுக்கப் போகும்முன் அதை 0.55 ஆகத் திருத்தினேன். இடையில் புதிய தரவு எதுவும் வரவில்லை.

ஜூன் 28, சனி

நரைக்குச் சாயம் பூசினேன். புட்டி அடுத்த மாதம் காலாவதியாகிறது. வீணாக்குவானேன்?

வேட்புமனுவுக்குக் கிளைத் தலைவர்கள் பார்வையாளர்களாகப் போகலாம். பரமசிவம் அண்ணனும் கூட வருகிறார். மயில்நீலப் பட்டை எடுத்து வைத்தேன்.

"பார்வையாளருக்குப் பட்டா?" என்றார் ஜெயசீலன்.

"மண்டபத்தில் குளிரூட்டி அதிகமாக இருக்கும்."

அவர் சேலையை வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அவர் இஸ்திரி போடுவது அபூர்வம்.

திட்டம் பதினான்கு பக்கம் ஆகிவிட்டது. பையில் இருக்கிறது. அதன் சுருக்கத்தைக் கண்ணாடி முன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். ஆறு நிமிடம் இருபது விநாடி. கொஞ்சம் நீளம்.

ஜூன் 29, ஞாயிறு

வேட்புமனுத் தாக்கல் முடிந்தது. கார் நன்றாக இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. பதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

ஏழு மணிக்கெல்லாம் தலைமையகத்துக்குப் போய்விட்டோம். சீக்கிரம் போனதற்குக் காரணம் உண்டு. இந்த முறை காரைக் குறுக்கே நிறுத்துவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். யாரும் என்னைக் கீழே கூப்பிடுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது. காலியாக இருந்த முறையான கட்டத்துக்குள் நிறுத்தி, இருபுறமும் கோட்டைச் சரிபார்த்தேன்.

மண்டபம் முதல் மாடியில். வாசலிலேயே கைபேசிகளை வாங்கிப் பையில் போட்டுவிட்டார்கள். போன வருட மாநாட்டில் நாற்காலிகள் பறந்ததை யாரோ நேரலையாக ஒளிபரப்பிவிட்டார்களாம். "என் நாற்காலி தங்கச்சி அதெல்லாம். எல்லாம் பத்திரமாத் திரும்பி வந்துருச்சு, ஒண்ணுக்கு மட்டும் கால் இல்ல" என்றார் பரமசிவம் அண்ணன். மூன்றாம் வரிசையில் நடைபாதையோரம் உட்கார்ந்தேன். மேடைக்குப் பதினைந்து எட்டு.

மனு நேரம் பத்திலிருந்து பதினொன்று. பத்தேகாலுக்கு உறுமி மேளத்தோடு பாலகுணன் வந்தார். அவர் பக்கத்தில் அதே அளவு ரோஜா மாலையோடு வந்தவர் முனியாண்டி. மண்டபம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. நான் சத்தம் போடவில்லை. முதுகை நேராக்கிக்கொண்டேன்.

ரஞ்சியைக் காணவில்லை. பத்தரை ஆயிற்று. அவளுடைய மனுவில் துணைத் தலைவர் பெயர் இருக்க வேண்டிய இடம் இப்போது வெறுமையாக இருக்கும். எங்கேயோ இருந்து அவள் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்.

பத்து முப்பத்தெட்டுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. "ஏ.கே.டி. 3162, வெள்ளை நிற மைவி, மற்ற வாகனங்களுக்கு இடையூறாக நிற்கிறது. உரிமையாளர் உடனே கீழே வரவும்."

என் கார்.

ஆனால் என் கார் குறுக்கே நிற்கவில்லை. கோட்டுக்குள் நிற்கிறது. ஆகவே அறிவிப்பு பொய். பொய்யென்றால் அதில் யாருக்கு லாபம்? நான் இந்த நேரத்தில் மண்டபத்தில் இருக்கக் கூடாது என்று நினைப்பவருக்கு. அது ஒரே ஒருவர்தான். மேடையில் மாலையோடு உட்கார்ந்து என் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தருக்கத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை.

பத்து நாற்பத்துமூன்றுக்கு இரண்டாம் அறிவிப்பு, "தயவுசெய்து" என்று. நான்கு நிமிடத்தில் மூன்றாவது. "உரிமையாளர் ஈப்போவிலிருந்து வந்திருப்பதாக அறிகிறோம். மிகவும் அவசரம்."

பரமசிவம் அண்ணன் நெளிந்தார். "தங்கச்சி, காடியப் போயிப் பாத்துட்டு வந்துருங்களேன். எடத்த நான் புடிச்சு வெச்சுக்கறேன்."

"நான் இங்கிருந்து அசையமாட்டேன் அண்ணே. போன தடவை காரை நகர்த்தப் போய்த்தான் எல்லாம் ஆயிற்று."

"அதுக்குன்னு காடிய இழுத்துட்டுப் போயிட்டா?"

"நீங்களே போய்ப் பாருங்கள்" என்று சாவியைக் கொடுத்தேன்.

அவர் போனார். பட்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன்.

பத்து ஐம்பத்தாறுக்குக் கதவு திறந்தது. ரஞ்சி வந்தாள், கிட்டத்தட்ட ஓட்டம். அவளுக்குப் பின்னால், வேர்வையில் ஒட்டிய சட்டையோடு, பரமசிவம் அண்ணன். இருவரும் நேராகத் தேர்தல் அதிகாரியின் மேசைக்குப் போனார்கள். யாரோ அண்ணன் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் என் கார்ச் சாவியை உயர்த்திக் காட்டிப் புருவத்தை நெரித்தார்.

காரை நகர்த்திவிட்டேன், எல்லாம் சரிதானே என்று கேட்கிறார் என நினைத்தேன். தலையாட்டினேன்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் ஈப்போவரை அவர் பேசியதில் ஒன்றை மட்டும் குறிக்கிறேன். "நீங்க தலையாட்டாம இருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன் தங்கச்சி. சாமி மேல சத்தியம்."

அடையாளக் கட்டத்துக்குள் கார் அப்படியேதான் நின்றிருந்தது. ஒரு அங்குலம்கூட நகர்த்தப்படவில்லை.

ஜூலை 2, புதன்

ரஞ்சி கூப்பிட்டாள்.

"தமா, உனக்குத் தேங்க்ஸ் சொல்லக்கூட நேரமில்ல. முனியாண்டி காலைல ஒம்பது மணிக்குத்தான் மெசேஜ் போட்டான். கார் நிறுத்துற எடத்துல மனுப் பாரத்த வெச்சுக்கிட்டு நிக்கறேன், உன் மைவி கண்ணுல பட்டுச்சு. சரி, இன்னும் ஒரே ஒரு தடவ நேருக்கு நேராக் கேட்டுப் பாத்துருவோம்னு தோணுச்சு. பத்திரிகைக்காரங்க எல்லாம் இருக்கற எடத்துல கேட்டா உனக்குப் பிடிக்காது. போனும் கெடையாது. காடி குறுக்க நிக்குதுன்னா நீ எங்க இருந்தாலும் ஓடி வருவியே, அதான் அறிவிப்புக் குடுக்கச் சொன்னேன்."

கைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"மூணு தடவ சொல்லியும் வரல. அப்புறம் இவரு சாவியோட வராரு. 'தமயந்தி எங்கண்ணே'ன்னேன். 'அவங்க எடத்த விட்டு அசையமாட்டேன்னுட்டாங்க டாக்டர், என்னைத்தான் அனுப்புனாங்க'ன்னாரு. எனக்குப் புரிஞ்சிருச்சு. வேணாம்னும் சொல்லிட்ட, ஆளையும் காட்டிட்ட. நீ அன்னைலேருந்து ஒரே பேச்சுதான் தமா. எனக்குத்தான் நம்பிக்கை வரல."

"பரவாயில்லை ரஞ்சி."

"நெஜமா உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன வருத்தம்?"

பிறகு சலவை இயந்திரத்தை ஓடவிட்டேன். பிழியும்போது வீடு முழுக்க அதிரும், வேறெதுவும் கேட்காது. ஜெயசீலன் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே துணி இல்லை. மூடிவிட்டு, இயந்திரம் நகராமல் கையால் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார்.

ஜூலை 6, ஞாயிறு

தாள்கள் எண்பத்து நான்கும் முடிந்தன. எழுபத்தொன்பது தேர்ச்சி.

பரமசிவம் அண்ணன் வந்தார். "தங்கச்சி, நான் என்னா பேசறது? எனக்கு, பந்தலு எத்தனை அடின்னு கேட்டா பேச வரும். இது வருமா?"

பதினான்கு பக்கத்தையும் கொடுத்தேன். உட்கார்ந்து, உதட்டை அசைத்து, ஒரு மணி நேரம் படித்தார். மாலையில் தைப்பிங் கிளையில் பேசினார், நானும் போயிருந்தேன். அவர் பேசியது ஒரே நிமிடம்.

"ஒரு புள்ள பள்ளிக்கூடத்துல சேரப் போகுது. 'நீ பொறந்ததுக்கு என்னா ஆதாரம்?'னு கேக்கறான். புள்ள எதிர்லதான நிக்குது! இத விட என்னாய்யா ஆதாரம் வேணும்? அந்தக் காயிதத்த வாங்கித் தர்றதுதான் என் வேல. எப்படி வாங்கணும்னு எங்க தலைவர் கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. பதினாலு பக்கம். நான் ரெண்டு தடவ படிச்சிட்டேன்."

கூட்டம் கைதட்டியது. என் சுருக்கத்துக்கு ஆறு நிமிடம் இருபது விநாடி ஆகியிருக்கும். யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் கிளைத் தலைவர் ஒருவர் அவரைக் கட்டிக்கொண்டார். "மழையில எம்மக கல்யாணத்துக்கு நானூறு நாற்காலியும் தொடச்சிக் குடுத்தியே அண்ணே!" அண்ணனுக்கு அந்த மகளின் பெயர் நினைவிருந்தது. அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்றும் தெரிந்திருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

முடிவு: சிவரஞ்சனி – பரமசிவம் 219. பாலகுணன் – முனியாண்டி 193.

நான் கணித்திருந்தது 176. நாற்பத்துமூன்று வாக்கு வித்தியாசம். வட்டாரம், வயது, பதவிக்காலம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்திருந்தேன். ஐந்து மாநிலத்தில் இருபத்தேழு வருடமாக எல்லா வீட்டு விசேஷத்துக்கும் நாற்காலி இறக்கிய ஒருவரைச் சேர்க்க அதில் இடம் வைக்கவில்லை.

வாக்கு இரகசியம்தான். ஆனாலும் குறிக்கிறேன். 219இல் ஒன்று என்னுடையது. மடிக்கும்முன் குறியை இருமுறை சரிபார்த்தேன்.

கீழே கூட்டத்தில் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, ஆவணப் பிரிவ நான் ஒருத்தனா பாக்க முடியாது. நாடு முழுக்க ஓடறதுக்கு ஒரு பொறுப்பாளர் போடணும். டாக்டர் இந்த வாரத்துல பேர் சொல்றாங்களாம். நான் உங்க பேரத்தான் சொன்னேன். 'அவ வேணாம்னுதான் சொல்லுவா, எத்தன தடவ கேக்கறது'ங்கறாங்க. அப்படியா தங்கச்சி?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ அவர் கழுத்தில் ஆளுயர ரோஜா மாலையைப் போட்டுவிட்டார்கள். அவர் முகமே தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

பொறுப்பாளர் பெயர் இன்னும் வரவில்லை. ரஞ்சியைக் கூப்பிடலாம் என்று இரண்டு முறை எண்ணை எடுத்தேன். என்னவென்று கேட்பது? முப்பது வருடமாக ஒரே பேச்சு என்று ஒருத்தி நம்பிக்கொண்டிருக்கிறாள்.

சலவை இயந்திரத்தின் ஒரு காலுக்கு அடியில், மடித்த செய்தித்தாள் வைத்துப் பார்த்தேன். நடை நின்றுவிட்டது. எந்தப் பத்திரிகை என்று குறிக்கத் தேவையில்லை. இன்னும் ஐந்து பிரதி இருக்கிறது.

ஜூலை 19, சனி

கிளையில் புதிய தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் வரவேற்பு. காலையில் வழக்கம்போல நான்கு பேருக்குப் பாரம் நிரப்பினேன். சாயங்காலம் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ஜெயசீலனும் நானும் நடந்தே போனோம். பத்து நிமிட நடை. மழை வருவது போல இருந்ததால் டத்தோவின் குடையை எடுத்துப் போனோம். நல்ல குடை.

ருக்குமணி அக்கா இரண்டு ரோஜா மாலை கட்டியிருந்தார். இந்த முறை கணக்குச் சரி. எனக்கு ஒரு பொன்னாடை. ரஞ்சி மேடையில் உட்கார்ந்து, பொறுப்பாளர்கள் பட்டியலென்று ஒரு தாளை மடியில் வைத்திருந்தாள். நான் இருந்த இடத்திலிருந்து படிக்க முடியவில்லை. இரண்டு இடங்களில் உட்கார்ந்து பார்த்தேன்.

பரமசிவம் அண்ணன் பேசிக்கொண்டிருந்தபோது கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள். நீளமாக, நிறுத்தாமல்.

கூட்டம் முழுக்கப் பழக்கத்தில் என்னைப் பார்த்தது. ரஞ்சியும் பார்த்தாள்.

"தமா, உன் காடியா?"

ஜெயசீலன் வாயருகே கொண்டுபோன வடையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். குடை அவர் மடியில் இருந்தது.

"ஆமாம், ரஞ்சி" என்றேன். "நீயும் கொஞ்சம் கீழே வா."

ஹாரன் அதற்குள் நின்றுவிட்டது. யாருடைய காரோ, யாரோ எடுத்துவிட்டார்கள். நான் எழுந்து படியிறங்கினேன். இருபத்திரண்டு படி. ஏழாவது படியில் இருக்கும்போது மேலே கதவு திறந்தது. குதிகால் செருப்புச் சத்தம் கேட்டது.

நான் இன்னும் மெதுவாக இறங்கினேன்.